ஆமை நடையும் களக்கல்வியும்: ஒரு மாணவியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடைபெறும் ஆமை நடைகளில் பள்ளிப் பருவத்திலிருந்தே பங்கேற்று வருகிறேன். இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். இந்த நடைகளைப் பற்றியும், வகுப்பறைக்கு வெளியே கைப்படக் கற்கும் சூழலியல் கல்வியைப் பற்றியும் இளைய மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு, என் அறிவுக்கும் அனுபவத்துக்கும் எட்டிய வரையில் இங்கே விடையளிக்கிறேன்.

ஆமை நடை என்பது என்ன? அதை நடத்துபவர்கள் யார்?

வங்கக் கடலில் வாழும் பங்குனி ஆமைகள், அதாவது ஆலிவ் ரிட்லி ஆமைகள், முட்டையிடுவதற்காக இரவு நேரத்தில் கரையேறுகின்றன. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கடற்கரைகளில் அவை ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் வருகின்றன. சென்னையிலோ தனித்தனியாகவே வருகின்றன. இரவு முழுவதும் கரையோரமாக நடந்து, அந்த ஆமைகளின் தடத்தைத் தேடி, கூட்டைக் கண்டறிந்து, முட்டைகளைக் குஞ்சு பொரியும்வரை பாதுகாக்கும் பொரிப்பகத்துக்குக் கொண்டு சேர்ப்பதே ஆமை நடை.

1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் சிலரும் இந்த நடைகளைத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்னும் தன்னார்வக் குழு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 7 கிலோமீட்டர் கரையில் இதைத் தொடர்ந்து செய்து வருகிறது. வனத்துறையும் தமிழகக் கரையோரத்தில் பொரிப்பகங்களை நடத்துகிறது. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்பதால், உரிய அனுமதி பெற்ற குழுவோடு சேர்ந்துதான் முட்டைகளைக் கையாள முடியும். யாரும் தாமாகச் சென்று தோண்டிவிடக் கூடாது.

ஓர் இரவில் உண்மையில் என்ன நடக்கிறது?

பெரும்பாலான நேரம் நடக்கிறோம். அலை வந்து திரும்பும் ஈரமணலுக்குச் சற்று மேலே, பார்வையைத் தரையில் பதித்தபடி நடப்போம். கடலிலிருந்து கரைநோக்கிச் செல்லும் தடம் ஒன்று குறுக்கே வந்தால் எல்லோரும் நின்றுவிடுவோம். பங்குனி ஆமை இடத் துடுப்பையும் வலத் துடுப்பையும் மாற்றி மாற்றி ஊன்றி நகர்வதால், தடத்தின் இரு ஓரங்களிலும் உள்ள பள்ளங்கள் ஒன்றுக்கொன்று நேராக அமையாமல் தள்ளித் தள்ளி விழுந்திருக்கும். பேராமை எனப்படும் பச்சை ஆமையோ முன்துடுப்புகள் இரண்டையும் ஒருசேர ஊன்றுவதால் அதன் தடத்தில் பள்ளங்கள் எதிரெதிராக இருக்கும். மணலைப் பார்த்தே எந்த ஆமை வந்தது, எந்தப் பக்கம் ஏறியது, எந்தப் பக்கம் இறங்கியது என்று சொல்லக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம்.

ஏறிய தடமும் இறங்கிய தடமும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். ஆமை முட்டையிட்டு மூடியபின் தன் உடலால் மணலைத் தட்டி இறுக்கிவிட்டு, சுற்றிலும் மணலை வாரி இறைத்து அடையாளத்தை அழித்துவிட்டுப் போகிறது. அனுபவமுள்ள அண்ணன்மாரோ அக்காமாரோ மெல்லிய குச்சி ஒன்றை மணலில் மெதுவாக இறக்கிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் தடுத்து நிற்கும் குச்சி, கூட்டின் வாய்க்கு மேலே வந்ததும் சட்டென்று இளகி உள்ளே இறங்கும். அதன்பின் கையால் மட்டுமே தோண்டுகிறோம். மேலே உலர்ந்த மணல், அதன் கீழே குளிர்ந்த ஈரமணல், ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் முட்டைகள். கூடு, குறுகிய கழுத்தும் அகன்ற வயிறும் கொண்ட குடம்போல இருக்கும். அந்த வளைவை ஆமை தன் பின்துடுப்புகளால் மட்டும், திரும்பிக்கூடப் பார்க்காமல் தோண்டியது என்பதைக் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும்போதுதான் முழுமையாக உணர முடிகிறது.

முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பைக்குள் வைக்கிறோம். பொதுவாக ஒரு கூட்டில் நூறை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். கூட்டின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறோம். பொரிப்பகத்தில் அதே அளவில் புதிய கூடு தோண்டி, முட்டைகளை இட்டு, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய அட்டையை அருகே நடுகிறோம்.

இதையெல்லாம் பாடநூலிலேயே படிக்கலாமே? நேரில் செய்வதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது?

பாடநூலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. உலகில் ஏழு வகைக் கடலாமைகள் உண்டு என்பதையும், அவற்றுள் ஐந்து வகைகள் இந்தியக் கடல்களில் காணப்படுகின்றன என்பதையும் நான் நூலிலிருந்துதான் அறிந்தேன். ஆனால் பள்ளி ஆய்வகத்தில் நாங்கள் செய்யும் சோதனைகளுக்கெல்லாம் விடை முன்பே தெரிந்திருக்கும். என் அளவு தவறினால் பக்கத்து மேசைத் தோழியின் அளவைப் பார்த்து எழுதிக்கொள்ள முடியும். கடற்கரையில் நள்ளிரவு கடந்து நான் எழுதும் எண் உலகில் வேறு எவரிடமும் இல்லை. முட்டைகளின் எண்ணிக்கையைப் பிழையாக எழுதினால், பல வாரங்கள் கழித்து எத்தனை விழுக்காடு பொரிந்தது என்று கணக்கிடும்போது அந்தப் பிழையும் சேர்ந்தே வரும். அளவை எதற்காக என்பதும், கவனம் எதற்காக என்பதும் அங்கேதான் எனக்குப் புரிந்தன.

வெப்பநிலையைப் பற்றிய பாடமும் அப்படித்தான். கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசை ஒட்டி இரு பாலும் கலந்து பிறக்கும். அதைவிடச் சூடு கூடினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும். வகுப்பில் இதை ஒரு வரியாகப் படித்து மதிப்பெண் வாங்கினேன். பருவத்தின் பிற்பகுதியில், மாலை வெயிலிலும் சுடும் மணலின் அருகே நின்று, இந்தக் கூட்டுக்கு நிழல் வேண்டுமா, வேண்டாமா என்று மூத்த தன்னார்வலர்கள் விவாதித்ததைக் கேட்டபோது, புவி வெப்பமாதல் என்பது என் கண்முன் இருக்கும் ஒரு கூட்டைப் பற்றிய கேள்வியாக மாறியது.

ஒரு நாள் அழைத்துச் சென்று காட்டினால் போதாதா?

போதாது என்பதே என் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் படிக்க நேரமுள்ள ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். ஒரே பேருந்தில் காலையில் உயிரியல் பூங்கா, மதியம் மாமல்லபுரம், மாலையில் கடற்கரை என்று சுற்றிவருவதை நம் பள்ளிகள் பல களப்பயணம் என்று கணக்கில் எழுதிக்கொள்கின்றன. அந்த நாள் மகிழ்ச்சியான நாள்தான், அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் கற்றல் மிகக் குறைவு, ஏனெனில் மாணவருக்கு அங்கே பார்வையாளர் என்பதைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் இல்லை.

பருவத்தில் ஓர் இரவு மட்டும் வரும் மாணவர், வாய்ப்பு அமைந்தால் ஆமையைப் பார்ப்பார். மீண்டும் மீண்டும் வருபவரோ, போன வாரம் இங்கே ஏறிய ஆமை இந்த வாரம் ஏன் ஏறவில்லை என்று கேட்கத் தொடங்குவார். ஜனவரியில் சரிவாக இருந்த கரை பிப்ரவரியில் அலை அரித்து மேடாக நிற்பதையும், அந்த மேட்டில் ஏற முடியாமல் ஆமை முட்டையிடாமலே திரும்பிய தடத்தையும், ஒரு கடைக்குப் புதிதாகப் போட்ட விளக்கு எவ்வளவு தூரம் வெளிச்சம் வீசுகிறது என்பதையும் அவரால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். முட்டைகளைப் புதைத்த அதே மாணவர் 45 முதல் 60 நாள் கழித்துப் பொரிப்பகத்துக்கு வந்து, கூட்டின் மேல் மணல் சற்றே உள்வாங்கியிருப்பதைக் கண்டு, குஞ்சுகள் மேலேறிக்கொண்டிருக்கின்றன என்று புரிந்துகொள்ளும்போது பாடம் முழுமை பெறுகிறது. பல இடங்களுக்கு ஒரு முறை போவதைவிட ஒரே இடத்துக்குப் பல முறை, கையில் ஒரு வேலையோடு போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இயற்கையில் கைவைக்காமல் விடுவதுதானே நல்லது? முட்டைகளை ஏன் இடம் மாற்றுகிறீர்கள்?

நியாயமான கேள்வி, பொரிப்பகம் நடத்துபவர்களே இதைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். பாதுகாப்பான கரையில் கூட்டை இருந்த இடத்திலேயே விடுவதுதான் சிறந்தது. சென்னையில் நாய்கள் கூட்டைத் தோண்டித் தின்றுவிடுகின்றன. மக்கள் நடமாட்டமும் அதிகம். இவற்றுக்கும் மேலாக விளக்குகள் இருக்கின்றன. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, அடிவானத்தில் வெளிச்சம் கூடுதலாக உள்ள திசையை நோக்கியே நகரும். மனிதர் விளக்கேற்றாத கரையில் அந்தத் திசை கடலாகவே இருக்கும். நம் கரையில் அது தெருவாக இருக்கிறது.

இடம் மாற்றுவதிலும் கண்டிப்பான முறை உண்டு. முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும்; அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துபோகும். எனவேதான் அன்றிரவே மாற்றுகிறோம். குலுக்காமல், உருட்டாமல் எடுத்துச் செல்கிறோம். புதிதாக வருபவர்கள் முதலில் பார்க்கவும் குறிப்பெழுதவும் மட்டுமே அனுமதிக்கப்படுவதற்கும் காரணம் இதுவே. தொடக்கத்தில் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், ஆனாலும் நான் அந்த விதியை முழுமனதாக ஆதரிக்கிறேன்.

ஆமை வராத இரவு வீண்தானே?

ஆமை வராத இரவுகளே மிகுதி. நடை என்றாலே அதுதான் என்று மனத்தைப் பழக்கிக்கொண்டால் மற்றவை கண்ணில் படத் தொடங்கும். வளைகளின் வாயில் மணலுருண்டைகளை வைத்துவிட்டு ஓடும் நண்டுகள், அடும்பங்கொடி படர்ந்த இடத்தில் மணல் காற்றில் பறக்காமல் நிலைத்து நிற்பது, வெவ்வேறு மாதங்களில் வெவ்வேறு பொருள்கள் கரையொதுங்குவது என்று கவனிக்க வேண்டியவை ஏராளம்.

மணல் எப்படிப் பயணம் செய்கிறது என்பதை நான் கற்றுக்கொண்டது இத்தகைய இரவுகளில்தான். ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் சொல்வார்கள். ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கித் திரும்புகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், வடக்கே போக வேண்டிய மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கி மெரினா அகன்றது. மணல் வந்து சேராத ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. புவியியல் வகுப்பில் எத்தனையோ முறை மெரினாவின் நீளத்தை எழுதியிருக்கிறேன், அதன் அகலம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை.

கரையில் செத்துக் கிடக்கும் ஆமைகளைச் சிறுவர்கள் பார்ப்பது அவர்களைப் பாதிக்காதா?

பாதிக்கும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அத்தகைய காலத்தில் மிகச் சிறிய பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். சற்று வளர்ந்த மாணவர்களிடமிருந்து அதை மறைப்பது சரியல்ல.

மறைக்காமல் இருப்பது மட்டும் போதாது, அவர்களுக்கு ஒரு பணியையும் கொடுக்க வேண்டும். ஒதுங்கிய ஆமையின் முதுகோட்டை, கழுத்தை அடுத்த விளிம்பிலிருந்து வால்புற விளிம்புவரை அளவுநாடாவால் வளைவாக அளந்து, வெளிக்காயம் உண்டா என்று பார்த்துக் குறித்து, மறுநாள் மீண்டும் எண்ணிவிடாதபடி ஓட்டில் சாயத்தால் அடையாளமிடுவார்கள். அழுதுகொண்டே வந்த மாணவர்கள்கூட அளவெடுக்கத் தொடங்கியதும் கேள்வி கேட்கத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். உடலில் காயமே இல்லையே, பிறகு எப்படிச் செத்தது? ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சுவிட அது நீரின் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். இழுவலையில் சிக்கி நெடுநேரம் நீருக்கடியில் இருந்தால் மூச்சுத்திணறி இறந்துவிடும். வலைக்குள் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்தி, அதன் அருகே ஒரு திறப்பு வைத்தால் மீன்கள் சட்டத்தைத் தாண்டி உள்ளே செல்லும், ஆமை மட்டும் வெளியேறிவிடும். இந்தக் கருவி பல ஆண்டுகளாகவே உலகில் புழக்கத்தில் இருக்கிறது. காரணமும் தீர்வும் தெரிந்தபின் துயரம் குறையாது. ஆனால் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிறது.

அப்படியானால் மீனவர்கள்தான் குற்றவாளிகளா?

அந்த முடிவோடு ஒரு மாணவர் வீடு திரும்பினால் நடை தோற்றுவிட்டது என்றே பொருள். விசைப்படகின் இழுவலையும் குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் ஃபைபர் படகும் ஒன்றல்ல. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் இழுவலை போட விதிகள் தடை விதிக்கின்றன. அதை மீறும்போது ஆமைகள் மட்டுமல்லாமல் சிறுபடகு மீனவர்களின் வலைகளும் பிழைப்பும் சேர்ந்தே பாழாகின்றன. எங்கள் பாதையில் தடம் தென்பட்ட இடத்தைச் சொல்லி உதவியவர்களும், உயிரோடு சிக்கிய ஆமையை வலையை அறுத்து விடுவித்தவர்களும் மீனவர்களே. எந்தக் களக்கல்வியிலும் அந்த நிலத்தில் வாழ்கிறவர்களை ஆசிரியர்களாக மதித்து அமர்த்திப் பேச நேரம் ஒதுக்க வேண்டும்.

தமிழ் வகுப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. அகநானூற்றின் 160ஆம் பாடல், சூல்கொண்ட ஆமை அடும்பங்கொடி சிதையும்படி மணலில் முட்டையிட்டுப் புதைப்பதையும், குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை அதைக் காப்பதையும் பாடுகிறது. நெய்தல் திணைக்கு எடுத்துக்காட்டாக மனப்பாடம் செய்யப்படும் இத்தகைய வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்ப் பார்க்கலாம். அடும்பு இன்றும் இருக்கிறது, அதன் வேர்களுக்கருகே கூடுகளும் கிடைக்கின்றன. ஆண் ஆமை மட்டும் கரைக்கு வந்து காவல் இருப்பதில்லை. அது கடலிலேயே இருந்துவிடுகிறது. புலவரின் கண் எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறது, எந்த இடத்தில் காதல் கவிதைக்கு வேண்டியதைச் சேர்த்திருக்கிறது என்று மாணவர்கள் தாமே பிரித்தறிய முடிந்தால், தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய அருமையான வகுப்பாக அது அமையும்.

பாடத்திட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. சூழலியல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சூழலியலைக் கல்வியின் எல்லா நிலைகளிலும் கட்டாயமாக்கப் பணித்தது. 2003இல் அதை நடைமுறைப்படுத்த மேலும் ஆணைகள் பிறப்பித்தது. அதன்படி இளநிலைப் பட்ட வகுப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த பாடத்திட்டத்தில், 50 வகுப்பு நேரங்களில் 5 நேரம் களப்பணிக்கென்றே ஒதுக்கப்பட்டது. உள்ளூர் ஆற்றையோ காட்டையோ பார்த்துப் பதிவுசெய்தல், மாசடைந்த இடமொன்றைக் காணுதல், பொதுவாகக் காணப்படும் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் அறிதல் ஆகியன அதில் உண்டு. பல இடங்களில் அந்த 5 நேரம் ஓர் ஒப்படைப்புக் கட்டுரையாகச் சுருங்கிவிடுகிறது. இணையத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டிச் சமர்ப்பித்தாலும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சட்டமும் பாடத்திட்டமும் இடம் கொடுத்தபின்னும் மாணவர்கள் வெளியே அழைத்துச் செல்லப்படுவதில்லை.

எங்கள் ஊரில் கடல் இல்லை. நாங்கள் என்ன செய்வது?

ஏரி இருக்கும், கண்மாய் இருக்கும், பள்ளி வளாகத்தில் ஒரு புங்கமரமாவது இருக்கும். ஒரே மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதன் தளிர், பூ, காய், பழம் ஆகியவற்றைக் குறித்து அனுப்பும் சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளி மாணவர்கள் சேரலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஊர் ஏரிக்கரையில் கால்மணி நேரம் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்டு தளத்தில் பதியலாம். செங்கல்பட்டு மாவட்டத்தார்க்கு வேடந்தாங்கல் அருகிலேயே இருக்கிறது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் மக்கள், சட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். எந்த இடமானாலும் ஒன்றைத் தேர்ந்து அதையே தொடருங்கள்.

குஞ்சுகளைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஃபிளாஷ் வெளிச்சம் குஞ்சுகளைத் திசைதிருப்பிவிடும். முட்டையிட வரும் தாய் ஆமையை அது திருப்பி அனுப்பிவிடவும் கூடும். குஞ்சுகளை நீரில் கொண்டுபோய் விடுவதும் தவறு. சற்றுத் தொலைவில் மணலில் விட்டால் அவை தாமாகவே ஊர்ந்து கடலை அடையும்.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றுதான் பிழைக்கும் என்கிறார்களே, இவ்வளவு உழைப்பும் எதற்கு?

அது பொதுவாகச் சொல்லப்படும் ஒரு மதிப்பீடு. சரியான எண் எதுவானாலும் பிழைப்பவை மிகச் சிலவே என்பது உண்மை. முதிர்ச்சியடைய ஒரு பங்குனி ஆமைக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாகிறது. ஆகவேதான் ஒரு பருவத்தின் முட்டைகளைக் காப்பதைப் போலவே, கடலில் உள்ள முதிர்ந்த ஆமைகளைக் காப்பதும் முதன்மையானது. பொரிப்பகம் ஒன்றினால் மட்டும் ஆமைகளைக் காப்பாற்றிவிட முடியும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. இரவில் நடந்து பழகிய மாணவர்கள், இழுவலையைப் பற்றியும் கரையோரக் கட்டடங்களைப் பற்றியும் விளக்குகளைப் பற்றியும் ஆதாரத்தோடு பேசக்கூடியவர்களாக வெளியே வருகிறார்கள். அதற்கு நானறிந்த தோழர்கள் பலர் சான்று.

முதன்முறையாக வருகிறேன். எதைக் கொண்டுவர வேண்டும்?

தண்ணீர், மணலில் எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு, பனிக்கு ஒரு மேலாடை, வெளிர்நிறம் தவிர்த்த உடை. டார்ச் விளக்கு கொண்டுவந்தாலும் வழிநடத்துபவர் சொல்லாமல் அதை ஏற்றக் கூடாது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோருடனோ ஆசிரியருடனோ வர வேண்டும். யாராயினும் குழுவை விட்டு விலகி நடக்கக் கூடாது, இரவில் கடலில் இறங்கக் கூடாது. சிறிய குறிப்பேடு ஒன்றும் பென்சிலும் கட்டாயம் வேண்டும். உப்புக் காற்றின் ஈரத்தில் பேனா மை பரவிவிடும்.